பள்ளத்தில் குடியிருப்போர்

2015ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், வெள்ளிக்கிழமை. சென்னை மாநகரைச் சூழ்ந்த பெருவெள்ளம் பெருமளவு வடிந்து, தெருக்களிலே சேறும் நாற்றமும் எஞ்சியிருந்த வேளை. ஜும்ஆ தொழுகைக்கு முன் நிகழ்த்திய பயானில், வெள்ளம் ஏழையென்றும் செல்வரென்றும் வேற்றுமை பாராட்டுவதில்லை, இறைவனின் சோதனைக்கு முன் மாளிகையும் குடிசையும் ஒன்றே என்று நான் கூறினேன். அவ்வாண்டு பலரும் பல மேடைகளில் கூறிய வார்த்தைகள்தாம் அவை. கேட்டோர் தலையசைத்தனர். தொழுகை முடிந்து வெளிவருகையில் ஒரு முதியவர் முஸாபஹா செய்தார். அடையாற்றங்கரையில் ஒரு குடிசையும், பிழைப்புக்கு ஒரு மீன்பாடி வண்டியும் வைத்திருந்து, இரண்டையும் ஒரே இரவில் ஆற்றுக்குப் பறிகொடுத்தவர். பற்றிய கையை விடாமலே அவர் சொன்னார்: "ஹஜ்ரத், வெள்ளம் ஏழை பணக்காரன்னு பாக்கல, வாஸ்தவந்தான். ஆனா பள்ளம் பாக்குதே! பள்ளத்துல யாரு இருக்கோம்?"

அன்று அவருக்கு நான் சொன்னது, "பொறுமையாக இருங்கள், அல்லாஹ் ஈடு செய்வான்" என்பதே. சொன்னது தவறன்று, ஆனால் அவர் கேட்டதற்கு அது விடையுமன்று. அவர் கேட்டது இறைவனின் நாட்டத்தைப் பற்றியன்று. மனிதர் செய்த ஏற்பாட்டைப் பற்றி. மழை பெய்விப்பது அல்லாஹ்வின் செயல். பெய்த மழை எவருடைய வாசலில் சென்று தேங்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நாம்தாம் தீர்மானிக்கிறோம்: எங்கே சாலையை உயர்த்துவது, எந்த ஏரியை மனையாக்குவது, எவருக்குப் பட்டா கொடுப்பது, எவரைக் கரையோரத்தில் விட்டுவைப்பது என்னும் முடிவுகளால்.

அவ்வாண்டு நிகழ்ந்ததைச் சற்று நினைவுகூர்வோம். நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிந்தது. ஏரிகள் அனைத்தும் தளும்பி நின்றன. அந்நிலையில் டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. 364 கோடி கன அடிக்குச் சற்று மேற்பட்ட நீரைத் தாங்கவல்ல செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு வினாடிக்கு 29,000 கன அடி வீதம் நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஏரி நீர் மட்டுமா? முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த நீரும் அதே ஆற்றைத்தான் நாடி வந்தது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கரையோரப் பகுதிகள் உறக்கத்திலேயே மூழ்கின. தமிழகம் முழுவதும் அப்பருவத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏரியின் நீரை முன்கூட்டியே படிப்படியாகத் திறந்திருக்கலாகாதா என்னும் வினா பின்னர் பல மட்டங்களில் எழுந்தது. தணிக்கைத் துறையின் அறிக்கையும் அதை விரிவாக ஆராய்ந்தது. அதனுள் நாம் புகவேண்டியதில்லை. நாம் காண வேண்டியது, அந்த நீரின் பாதையில் இருந்தவர் யாவர் என்பதே.

மாடி வீட்டார் மேல்தளத்துக்கு ஏறினர். வாகனம் உடையோர் உறவினர் இல்லம் சென்றனர். அவர்களுக்கும் இழப்பு நேர்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் காப்பீடும், சேமிப்பும், மாதச் சம்பளமும் உள்ளவரின் இழப்பு சில மாதங்களில் ஆறும் புண். ஒரே அறை, அதற்கு மேல் ஏறத் தளமில்லை, பத்திரம், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பாடப்புத்தகம், தையல் இயந்திரம் எல்லாம் தரையோடு தரையாக இருக்கும் வீட்டுக்கு இடுப்பளவு தண்ணீர் என்பது பத்தாண்டு உழைப்பின் அழிவு. ஒரே வெள்ளந்தான், அளவுகோல் வேறு.

ஆற்றங்கரைக்கு அவர்கள் விரும்பிச் சென்றார்களா? நகரத்துக்கு அவர்களுடைய உழைப்பு வேண்டும். பாத்திரம் துலக்கவும், பாரம் இழுக்கவும், சாக்கடை அள்ளவும், கட்டடம் எழுப்பவும் அவர்கள் அருகிலே இருக்க வேண்டும். ஆனால் அருகிலே குடியிருக்க அவர்களின் கூலியால் வாங்கத்தக்க மனை இல்லை. எவரும் விரும்பாத, எவரும் விலைபேசாத ஆற்றோரப் புறம்போக்கு ஒன்றே எஞ்சியது. ஏரிக்குள் கட்டியவர் அவர்கள் மட்டுமல்லர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்று துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் பெயர்பெற்ற தியாகராய நகரே 1920களில் பழைய நெடிய ஏரியை வற்றச் செய்து எழுப்பப்பட்டதுதான். வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி வீட்டுமனைகளாயிற்று. விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று அடையாற்றுக்குக் குறுக்கே பாலமாகச் செல்கிறது. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. இவற்றை நாம் வளர்ச்சி என்போம். ஓலையும் தகரமும் வேய்ந்த குடிசைக்கு மட்டும் ஆக்கிரமிப்பு என்று பெயர்!

கரையிலிருந்து கழுவெளிக்கு

வெள்ளம் வடிந்ததும் ஒரு நல்ல எண்ணம் கூறப்பட்டது: கரையோர மக்களை அபாயத்திலிருந்து அப்புறப்படுத்துவோம், ஆற்றையும் அகலப்படுத்துவோம். எண்ணம் நல்லதே. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்டு, நகரின் நடுவிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள பெரும்பாக்கத்திலும், கண்ணகி நகர் பக்கத்திலும் குடியேற்றப்பட்டன. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டடுக்கு மாளிகைகளாக எழுந்து நிற்கின்றன. தொலைவிலிருந்து காண்போர் வியப்பர்.

ஆனால் அவை நிற்குமிடம் யாது? தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும் பள்ளிக்கரணைக் கழுவெளியின் சுற்றுப்புறம். 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்டதாகக் கணக்கிடப்பட்ட அந்தச் சதுப்பு நிலம், குப்பைமேடாகவும் சாலையாகவும் கணினி நிறுவனங்களாகவும் கரைந்து, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் ஏறியபோது 1,247 ஹெக்டேராகக் குறிக்கப்பட்டது. மழைநீர் அங்கே தங்கி, ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். அந்த வழியின் ஓரங்களிலும் தாழ்நிலங்களிலுந்தான் ஏழைகளுக்கான குடியிருப்புகள் 2000ஆம் ஆண்டு முதலாக ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன: கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். 2020 நவம்பரில் நிவர் புயலின்போது செம்மஞ்சேரி நீரில் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் வட்டாரம் பல நாள் நீரால் சூழப்பட்டுக் கிடந்தது.

அந்த முதியவரும் பெரும்பாக்கத்துக்குத்தான் கொண்டுபோகப்பட்டார். மிக்ஜாம் மழைக்குப் பின் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தொலைபேசியில் அவர் குரல் கேட்டது. மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை, கீழ்த்தளத்தார் மேல்தளங்களில் அடைக்கலம் என்று நிலைமையைச் சொல்லிவிட்டு, கசப்பின்றிச் சிரித்தார்: "கரையிலேர்ந்து தூக்கிட்டு வந்து ஏரிக்குள்ள வெச்சிட்டாங்க ஹஜ்ரத்!"

நமது ஃபிக்ஹு மேதைகள் இந்நிலையை அறியாதவர்களல்லர். ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களும், ஹனஃபீ மத்ஹபைச் சார்ந்த இப்னு நுஜைம் (ரஹ்) அவர்களும் 'அல் அஷ்பாஹ் வந் நளாயிர்' என்னும் ஒரே பெயரால் ஆளுக்கொரு நூல் எழுதியுள்ளார்கள். எவருக்கும் தீங்கு செய்தலும் ஆகாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் ஆகாது என்னும் கருத்துடைய நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு, தீங்கு அகற்றப்பட வேண்டும் என்ற விதியை இருவரும் நிறுவுகிறார்கள். நிறுவிய கையோடு அதற்கு ஓர் எல்லையும் கட்டுகிறார்கள்: ஒரு தீங்கை அதற்கு நிகரான இன்னொரு தீங்கைக் கொண்டு அகற்றுதல் கூடாது. மதரஸாவில் இப்பாடத்தை ஓதிய நாளில், பசித்தவன் பசித்த இன்னொருவனின் உணவைப் பறிக்கலாகாது என்ற உதாரணத்தை உஸ்தாத் கூறினார்கள். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பதற்காகச் சதுப்பு வெள்ளத்தில் குடியேற்றுவது இவ்விதியின் கீழ் வருமென்று அன்று நாங்கள் எண்ணியும் பார்த்ததில்லை. வருகிறது. அதனினும் ஒருபடி மேலேயும் வருகிறது. ஏனெனில் கரையிலே இருந்தவருக்கு வெள்ளம் ஒன்றே தீங்கு. புதிய இடத்திலோ வெள்ளத்தோடு வேலையும் போயிற்று. நாலு வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கு அந்த நாலு வீடும் இருபத்தைந்து கிலோமீட்டர் அப்பாலாயின. பள்ளி ஆண்டின் நடுவில் மாற்றப்பட்ட பிள்ளைகளுள் படிப்பை நிறுத்தியோரும் உண்டு. சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பது ஒரு நற்காரியம். ஆனால் பயணத்தில் கழியும் மூன்று மணி நேரத்தை எவர் திருப்பித் தருவர்?

ஹிஜ்ரி பதினேழில் மக்கா

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். பொதுத் தீங்கைத் தடுக்கத் தனியொருவரின் தீங்கைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே நூல்களில் உள்ள விதியன்றோ? நகர் முழுவதும் மூழ்காதிருக்கக் கரையோரத்தார் சிலர் விலகித்தான் ஆகவேண்டும் அன்றோ? ஆம், விலகத்தான் வேண்டும். எவ்வாறு விலக்குவது என்பதற்கு நம் முன்னோரிடத்தில் ஒரு வழிகாட்டல் இருக்கிறது.

மக்கா நகரம் மலைகளுக்கிடையே அமைந்த பள்ளத்தாக்கு. மழை பொழிந்தால் மலைநீரெல்லாம் கஅபாவை நோக்கியே பாயும். கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், ஹிஜ்ரி 17இல், அங்கே ஒரு பெருவெள்ளம் வந்தது. உம்மு நஹ்ஷல் என்னும் பெண்மணியை அது அடித்துச் சென்றது, அவர் மரணமடைந்தார். ஆகவே வரலாற்றாசிரியர்கள் அவ்வெள்ளத்துக்கு 'உம்மு நஹ்ஷல் வெள்ளம்' என்றே பெயரிட்டார்கள். (புயலுக்கெல்லாம் பெயர் வைக்கும் இக்காலத்தில், இறந்துபோன ஒருவரின் பெயரால் ஒரு வெள்ளத்தை நினைத்திருந்த அக்காலத்து வழக்கம் என் மனத்தைத் தொடுகிறது.) மகாமு இப்ராஹீம் என்னும் புனிதக் கல்லையும் வெள்ளம் புரட்டிக்கொண்டுபோய் மக்காவின் தாழ்ந்த பகுதியில் சேர்த்தது. செய்தி மதீனாவுக்கு எட்டியதும் உமர் (ரலி) அவர்கள் பதறி விரைந்து வந்தார்கள். கல்லை அதன் பழைய இடத்தில், அளவு குறித்து வைத்திருந்தவரின் சாட்சியத்தைக் கொண்டு, நிலைநிறுத்தினார்கள். அத்தோடு கடமை முடிந்ததென்று திரும்பிவிடவில்லை. மக்காவின் மேட்டுப் பகுதியில் பெரும் பாறைகளைக் கொண்டு ஓர் அணை கட்டுவித்தார்கள். வெள்ளத்தைத் தடுக்க வேண்டிய இடம் மேடு. அது வந்து சேரும் பள்ளமன்று என்பதை அந்த அணை நமக்குக் காட்டுகிறது.

அதே ஆண்டில் கஅபாவைச் சூழ நெருக்கமாக எழுந்திருந்த வீடுகளை அகற்றி, தொழுமிடத்தை விரிவாக்கவும் உமர் (ரலி) அவர்கள் முனைந்தார்கள். அந்த வீட்டாரை நோக்கி அவர்கள் கூறியதன் கருத்து: கஅபாவின் முற்றத்திலே வந்து குடியேறியவர்கள் நீங்கள், கஅபா உங்கள் முற்றத்துக்கு வரவில்லை. இன்று ஆற்றங்கரையாரை நோக்கி அதிகாரிகள் கூறுவதும் ஏறத்தாழ இதேதான்! ஆனால் இவ்வாறு கூறிய உமர் (ரலி) அவர்கள் செய்தது யாது? ஒவ்வொரு வீட்டுக்கும் விலை கொடுத்து வாங்கினார்கள். விற்க மறுத்தோரின் வீட்டையும் அகற்றினார்கள். எனினும் அதன் விலையைக் கஅபாவின் கருவூலத்தில் வைப்பாக வைத்து, உரியவர் பின்னர் வந்து பெற்றுக்கொள்ளும்படிச் செய்தார்கள். முற்றத்தில் குடியேறியவர் என்று சொல்லப்பட்டவருக்கும் விலை உண்டு. கோபித்துக்கொண்டு போனவரின் விலையும் பத்திரமாக இருந்தது.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு வெள்ளியன்று ஜும்ஆவுக்காக நல்லாடை அணிந்து உமர் (ரலி) அவர்கள் செல்கையில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாரான அப்பாஸ் (ரலி) அவர்களின் கூரைத் தூம்பிலிருந்து கோழியின் இரத்தம் கலந்த நீர் அவர்கள் மீது விழுந்தது. மக்கள் நடக்கும் வழியாயிற்றே என்று அந்தத் தூம்பைக் கழற்றிவிட ஆணையிட்டார்கள். பிறகு அப்பாஸ் (ரலி) அவர்கள் வந்து, அத்தூம்பை அவ்விடத்தில் அமைத்தவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களே என்று தெரிவித்தார்கள். அவ்வளவுதான், பேரரசின் கலீபா குனிந்து, தம் முதுகின் மீது ஏறி நின்று தூம்பை மீண்டும் பொருத்துமாறு அப்பாஸ் (ரலி) அவர்களை வேண்டினார்கள். பொதுநன்மை கருதிச் செய்த காரியந்தான். ஆயினும் உரியவரைக் கேளாமல் செய்ததால், கேட்டறிந்த பின் அதைத் திருத்தத் தம் முதுகையே ஏணியாக்கினார்கள். ஒரு வீட்டை இடிக்கும் முன் அவ்வீட்டாரை அழைத்து, எந்த இடத்துக்குப் போனால் உன் பிழைப்பு கெடாது என்று ஒரு வார்த்தை கேட்பது கடினமான காரியமா? சென்னையில் 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கமாயிருந்தது. அவ்வழி நமக்குத் தெரியாததன்று, கைவிட்டதுதான்.

உமையாக்கள் காலத்தில், ஹிஜ்ரி 80இல், ஹாஜிகளை மூட்டை முடிச்சோடு அடித்துச் சென்ற இன்னொரு வெள்ளம் மக்காவில் வந்தது. கலீபா அப்துல் மலிக் பொருளனுப்பி, ஹரம் பள்ளிக்கு மட்டுமன்றி, ஓடையை நோக்கிய குடிமக்களின் வீடுகளுக்கும் தடுப்புச் சுவர் எழுப்பவும், தெருக்களின் முகப்பில் கரை கட்டவும் ஆணையிட்டார். அவ்வேலைக்கு அவர் அனுப்பிய வல்லுநர் ஒரு கிறிஸ்தவர் என்று பலாதுரி குறிப்பிடுகிறார். பள்ளிவாசலைக் காத்து, சுற்றியுள்ள வீடுகளைக் கைவிடும் எண்ணம் அங்கே இல்லை என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவது அதற்கு மாறான ஒன்று.

எங்கள் முற்றத்து நீர்

பிறரைச் சொல்லி வந்த நான் இப்போது என்னைச் சொல்ல வேண்டும். 2015 வெள்ளத்தில் நான் இமாமத் செய்யும் பள்ளிவாசலுக்குள்ளும் முழங்காலளவு நீர் புகுந்தது. அந்நாட்களில் நகரின் பல பள்ளிவாசல்களைப் போலவே எங்கள் மேல்தளமும் அனைத்துச் சமயத்தாருக்கும் திறந்திருந்தது. இரவெல்லாம் அங்கே சோறு வெந்தது. அதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தக்கதே. ஆனால் வெள்ளம் வடிந்தபின் ஜமாஅத் கூடி ஒரு தீர்மானம் செய்தது: பள்ளியின் முற்றத்தை இரண்டரை அடி உயர்த்துவது. நன்கொடை தாராளமாகக் குவிந்தது. முதல் கல்லை வைத்து துஆ ஓதியவன் நானே.

2021 நவம்பரில் அடைமழை. எங்கள் முற்றத்தில் ஒரு சொட்டு நீர் நிற்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். மழை விட்ட மூன்றாம் நாள், மஃரிபுக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதி ஊதுவதற்காக வாசலில் நின்றிருந்தேன். பள்ளியின் பின்சந்தில் குடியிருக்கும் பூக்கார அம்மையார் காய்ச்சலடித்த பேரக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். ஓதி ஊதினேன். போகுமுன் சொன்னார்: "பாய், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? முன்னெல்லாம் மழ பேஞ்சா உங்க வாசல்லயும் தண்ணி நிக்கும், எங்க வாசல்லயும் நிக்கும். இப்ப உங்க தண்ணியும் சேந்து எங்க வூட்டுக்குள்ள வருது. புள்ள மூணு நாளா கட்டில் மேலயே கெடந்துச்சு."

போய்ப் பார்த்தேன். நாங்கள் உயர்த்திய முற்றம் பின்பக்கமாகச் சரிந்திருந்தது. ஒளுச் செய்யும் ஹவுழிலிருந்து வழியும் நீரும், கூரை நீரும், முற்றத்து நீரும் ஒன்றாய்த் திரண்டு அந்தச் சந்தில் இறங்கின. ஆறு வீடுகள், ஆறும் எங்கள் முற்றத்தைவிட ஓர் ஆள் இடுப்பளவு தாழ்ந்தவை. ஆறு வருடம் அங்கே இமாமத் செய்துகொண்டு, அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி எத்தனை பயான் செய்திருப்பேன்! அந்தச் சந்துக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றுதான்.

நிர்வாகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "நம்ம இடத்துல நாம உசத்தினோம், இதுல என்ன தப்பு ஹஜ்ரத்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான ஐயந்தான். தன் நிலத்தில் விழும் மழைநீரை, முன்பு செல்லாத புதுவழியில் பிறர் வீட்டின் மேல் திருப்பிவிட எவருக்கும் உரிமையில்லை என்பதே நீர்வழி உரிமை குறித்து நமது சட்ட நூல்களின் பொதுவான தீர்ப்பு என்று விளக்கினேன். பள்ளிவாசல் என்பதால் அவ்விதி தளர்வதில்லை, இன்னும் இறுகுகிறது. பிறகு எவரும் மறுத்துப் பேசவில்லை. பின்பக்கச் சரிவை உடைத்து, நீரை முன்பக்கம் திருப்பினோம். முற்றத்தின் இரு மூலையிலும் சிமெண்டு உறைகளை இறக்கி மழைநீர்க் கிணறு தோண்டினோம். ஆறு வீட்டு வாசற்படியையும் ஸதகாப் பணத்தில் உயர்த்திக் கொடுத்தோம்.

சென்னை முழுவதும் இப்போது நடப்பது எங்கள் முற்றத்தில் நடந்ததுதான். பல இடங்களில் சாலை போடும்போது பழைய தாரின் மேலேயே புதிய தாரை ஊற்றி உயர்த்துகிறார்கள். வசதியுள்ளோர் வீட்டை ஜாக்கிகளின் மேல் தூக்கி நிறுத்தி நாலடி உயர்த்துகிறார்கள். அடுக்குமாடியார் இரவுபகலாக மோட்டார் வைத்து நீரைத் தெருவுக்கு இறைக்கிறார்கள். ஒவ்வொருவர் செயலிலும் ஒரு நியாயம் உண்டு. எல்லோருடைய நியாயமும் சேர்ந்து கடைசி வீட்டின் அடுப்படியில் போய் நிற்கிறது.

கப்பலின் மேல்தளத்தாரையும் கீழ்த்தளத்தாரையும் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமையை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. சீட்டுக் குலுக்கிச் சிலர் மேலும் சிலர் கீழுமாக அமர்ந்தனர். கீழே இருந்தோர் நீருக்காக மேலே சென்று வந்தனர். பின்னர் தம் பகுதியிலேயே ஓட்டை போட்டுக்கொள்ள நினைத்தனர். தடுத்தால் எல்லோரும் பிழைப்பர், விட்டால் எல்லோரும் மூழ்குவர். நாங்கள் இதைக் கூறும்போதெல்லாம் கீழ்த்தளத்தாரின் அறியாமையையே விரித்துப் பேசுகிறோம். ஆனால் திர்மிதீயில் வரும் அறிவிப்பைக் கவனியுங்கள். கீழே இருப்போர் மேலே ஏறிவந்து தண்ணீர் சிந்தித் தமக்குத் தொல்லை தருவதை இனி அனுமதியோம் என்று மேல்தளத்தார் கூறிய பிறகே ஓட்டை போடும் எண்ணம் பிறந்ததாக அதிலே இருக்கிறது. வழியை அடைத்தவர் மேலே இருந்தவர். மேலும், அங்கே எவர் எங்கே அமர்வது என்பதைச் சீட்டு தீர்மானித்தது. நம் நகரத்தில் தீர்மானிப்பது மனையின் விலை.

வெள்ளம் கொண்டுபோனவரின் கடன்

அரசு செய்ய வேண்டியவை பல, செய்துவருவனவும் உண்டு. 2021க்குப் பின் மழைநீர் வடிகால்கள் பெருமளவில் கட்டப்பட்டன. அதை மறைப்பது நன்றிகெட்ட செயல். எந்தத் தெருவில் முதலில், எதன் நீர் எங்கே சேர என்று கேட்பது குடிமக்களின் உரிமை. நிவாரணத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 2023 புயலுக்குப் பின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்ப அட்டைதாரர்களுக்கு ரூ.6,000 வழங்கப்பட்டது. அட்டையில்லாத வாடகைக் குடித்தனக்காரரும், ஊர்விட்டு வந்த கூலித் தொழிலாளியும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க நேர்ந்தது. அத்தகையவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர் நால்வர் இருந்தால் போதும். பிரியாணிப் பொட்டலத்தினும் அது பெரிய உதவி.

ஜகாத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளக் காலத்தில் போர்வையும் அரிசியும் அளிக்கிறோம், நல்லது. ஆறு மாதம் கழித்து அக்குடும்பத்தை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்போதுதான் அவர்கள் உண்மையில் மூழ்கிக்கொண்டிருப்பார்கள், வட்டியிலே. நனைந்துபோன தையல் இயந்திரத்துக்குப் பதிலாக இன்னொன்று வாங்க வாங்கிய கடன், தாலி அடகு, வார வட்டி. திருமறை கூறும் ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் கடன்பட்டோரும் ஒரு வகையினர். அவர்கள் யாவர் என்பதை விளக்குகையில், தாபியீன்களில் மாபெரும் விரிவுரையாளரான முஜாஹித் (ரஹ்) அவர்கள் மூவரை எண்ணுகிறார்கள்: பொருளை வெள்ளம் கொண்டுபோனவர், தீயில் பொருளை இழந்தவர், வருவாயின்றிக் கடன் வாங்கிக் குடும்பத்தைக் காப்பவர். வெள்ளத்தில் இழந்தவரை முதலாவதாகவே எண்ணினார்கள்! ரமளானில் ஜகாத்தைச் சில்லறையாக மாற்றி வாசலில் வரிசை நிற்க வைத்து வழங்குவோர், இத்தகைய ஒரு குடும்பத்தின் கடனை முழுமையாக அடைத்துவிடலாமே. முஸ்லிமல்லாத அண்டை வீட்டாருக்கு ஸதகாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

எங்கள் பின்சந்தின் கதை இன்னும் முடியவில்லை. 2023 டிசம்பரில் மீண்டும் அங்கே கணுக்கால் அளவு நீர் நின்றது. இம்முறை எங்கள் முற்றத்து நீரன்று. சந்துக்கு வடிகாலே இல்லை. முதன்மைச் சாலையில் புதிதாகக் கட்டிய வடிகால் சந்தைவிட உயரத்தில் ஓடுகிறது. அளவெடுக்க வந்த பொறியாளர், சந்திலிருந்து நீர் அதில் ஏறாது, எதிர்ப்புறம் சிறு கால்வாய் வெட்டினால்தான் வழியுண்டு என்றார். அதற்காக ஒரு மனு தயாரித்தோம். ஜமாஅத்தின் முத்திரையிட்ட தாளிலேயே எழுதலாமென்று முத்தவல்லி கூறினார். எழுதி, சந்துக்கு எடுத்துச் சென்று, ஒவ்வொரு வீடாகக் கையொப்பம் வாங்கினோம். நகல் பள்ளியின் அலுவலறையில் இருக்கிறது. முதல் கையொப்பம் பூக்கார அம்மையாருடையது, முத்தவல்லியுடையது ஏழாவது.